ஜிக்சோ வாங்கப் போகும்போது மூலைமட்டம் கொண்டு போங்கள்

பலகையில் வளைவு வெட்டும் சிறிய மின்வாளான ஜிக்சோவை வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எத்தனை வாட் எடுக்கலாம்?" என்பதுதான். கேட்கக்கூடாத கேள்வியல்ல, கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. 450 வாட் இயந்திரம் ஒன்று நேராக வெட்டுவதையும், பெட்டியில் 800 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த இன்னொன்று அதே பலகையைக் கோணலாக அரிவதையும் எங்கள் பட்டறைக்கு வந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். இரண்டாவதை நாங்கள் வாங்கவில்லை. ஒருவர் திருத்தித் தரச்சொல்லிக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கவே வரவில்லை.

பட்டறை இலங்கையின் வடக்கே வன்னியில், விசுவமடுப் பக்கம், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. தொழில் அப்பாவுடையது. அவர் வாளும் சீவுளியும் துறப்பணமும் கொண்டு வேலை செய்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் டோர்ச் பற்றரிகூடக் கிடைக்காது. மின்சாரத்தில் ஓடும் வாளை அப்போது யார் கனவு கண்டார்கள்? 2009இல் போர் முடிந்த பிறகு சனங்கள் மீளக் குடியேறி, வீட்டுத்திட்டங்கள் வந்து, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நிலையும் கதவும் யன்னலும் தேவைப்பட்டபோதுதான் இயந்திரங்கள் எங்கள் தொழிலுக்குள் வேகமாக நுழைந்தன. அப்பா இன்றும் ஜிக்சோவைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். "ஒரு முனையில் மட்டும் பிடித்த வாள் எப்படி நேராகப் போகும்?" என்பது அவருடைய கேள்வி. ஜிக்சோவின் முழுப் பிரச்சினையும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

கைவாளின் அலகு அகலமானது, வெட்டுக்குள் நேராக நிற்கும். வில்வாளில் அலகு இரு முனையிலும் இறுகியிருக்கிறது. ஜிக்சோவில் அலகு மேலே மட்டும் கவ்வப்பட்டு, கீழே அந்தரத்தில் தொங்குகிறது. தடித்த மரத்தில் அது தனக்கு இலகுவான பக்கம் வளைந்துவிடும். மேலே கோட்டின்மேல் போயிருக்கும் வெட்டு, பலகையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விலகியிருக்கும். ஆகவே நல்ல ஜிக்சோ என்பது அந்த வளைவைக் குறைக்கிற ஜிக்சோ. குறைப்பவை மூன்று: அலகைக் கவ்வும் வாய், அலகின் முதுகைத் தாங்கும் சிறிய உருளை, கீழே பலகையில் ஊன்றும் அடித்தட்டு. மோட்டார் அதற்குப் பிறகு.

கடையில் இப்படிப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. அலகு ஒன்றை மாட்டி, அதன் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அலகு தன் இயல்பில் சற்று வளையும், அது வேறு. கவ்வுகிற தண்டே 'கடக் கடக்' என்று ஆடினால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து உருளை. அலகின் முதுகு அதன் நடுக் காடியில் உட்காரவேண்டும். காடிக்கும் அலகுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அந்த உருளை இருந்தும் இல்லாததுதான். பிறகு மூலைமட்டத்தை அடித்தட்டில் வைத்து அலகோடு சேர்த்துப் பாருங்கள். 90 பாகை காட்டவேண்டும். அடித்தட்டின் சாய்வைத் திருகித் திருத்தலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் மெல்லிய தகட்டில் அழுத்தி எடுத்த அடித்தட்டு ஒரு தடவை கீழே விழுந்தாலே முறுகிவிடும், அதன்பிறகு எந்தத் திருகும் உதவாது. வார்ப்பு அடித்தட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

நான் கிளிநொச்சியில் கடைக்குப் போனால் வழக்கமாக வருகிற கேள்வி, "யாருக்குத் தங்கச்சி வாங்குகிறீர்கள்?" எனக்குத்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். கைப்பைக்குள்ளிருந்து மூலைமட்டத்தை எடுத்த பிறகு பேச்சு வேறு மாதிரிப் போகும், விலையும் சிலவேளை இறங்கும்.

இந்த இயந்திரத்தின் பிறப்பே தையல் இயந்திரத்திலிருந்துதான் என்பது எனக்குப் பிடித்த விடயம். 1946இல் சுவிற்சர்லாந்தின் சின்டில்லா கொம்பனியில் வேலை செய்த அல்பேர்ட் காவுஃப்மன் என்பவர், மனைவியின் தையல் இயந்திரத்தில் ஊசிக்குப் பதில் வாளலகைப் பொருத்திப் பார்த்தார் என்பது சொல்லப்படும் கதை. அடுத்த ஆண்டே கையில் பிடிக்கும் ஜிக்சோ விற்பனைக்கு வந்தது. 1954இல் சின்டில்லாவை பொஷ் வாங்கிக்கொண்டது. அந்த மனைவிக்குப் புதுத் தையல் இயந்திரம் கிடைத்ததா என்றுதான் எனக்கு அறிய ஆசை.

எங்கள் மரங்களைப் பற்றிச் சொல்லாமல் இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதில் பயனில்லை. பெட்டியில் 'மரம் 65 மில்லிமீற்றர்' என்று போட்டிருப்பதை மென்மையான மரத்துக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கதவு நிலைக்கு வருவது முதிரை. சிலவேளை பாலை, அது தண்ணீரில் போட்டால் தாழுகிற மரம். இரண்டு அங்குல முதிரையில் ஜிக்சோவை விட்டால் அலகு புகையும், வெட்டு கருகும், இயந்திரத்தின் தலை கை வைக்க முடியாதபடி சுடும். அந்த வேலைக்குப் பட்டிவாளுள்ள மரக்காலைக்குப் பலகையைக் கொண்டு போவதே மலிவு. ஒட்டுப்பலகை, மெலமைன் பலகை, முக்கால் அங்குலத் தேக்கு, வேம்பு, மலைவேம்பு, இவைதான் ஜிக்சோவின் எல்லை. முதிரையில் வளைவு வெட்டியே ஆகவேண்டுமென்றால் ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் அவசரமில்லாமல். பனை வேறு ஒரு சங்கடம். உள்ளே சோறு போல மென்மை, வெளிப்புறத்தில் கருத்த நார் இரும்பு போல. அலகு உள்ளிருந்து வெளியே போகும்போது துள்ளும்.

நான் ஜிக்சோவை அதிகம் எடுப்பது கட்டில் தலைமாட்டு வளைவுகளுக்கும், யன்னலுக்கு மேலே காற்றுப் போக வைக்கும் பூப்பலகைகளுக்கும், குசினி மேசையில் தொட்டி வைக்கும் துளைக்கும். ஊர்ப் பிள்ளையாருக்கு மரத்தில் திருவாசி ஒன்று செய்தபோது வெளிவிளிம்பின் சுடர்கள் முழுவதையும் ஜிக்சோவில்தான் வெட்டினேன். செதுக்கல் அப்பாவுடைய உளி. அந்த வேலையில் மெல்லிய அலகு இல்லாமல் எந்த உயர்ந்த இயந்திரமும் உதவியிருக்காது.

அலகுக்கு வருவோம். இயந்திரத்துக்கு எண்ணி எண்ணிக் காசு கொடுப்பவர்கள் அலகை மட்டும் நடைபாதையில் வாங்குகிறார்கள். பெட்டியோடு வரும் ஒற்றை அலகைத் தேயத் தேயப் பாவித்துவிட்டு "ஜிக்சோ சரியில்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. முதலில் இயந்திரம் 'டி' வடிவக் காம்புள்ள அலகை ஏற்கிறதா என்று பாருங்கள். பழைய மொடல்களில் துளையுள்ள 'யூ' காம்பு வரும், திருகாணியால் இறுக்குவது. அதற்கு அலகு தேடுவது வரவரக் கடினம். டி காம்பு என்றால் எந்தக் கொம்பனி அலகும் எந்தக் கொம்பனி இயந்திரத்திலும் போகும்.

அலகின் எண்ணில் எல்லாம் எழுதியிருக்கிறது. எண்ணுக்குப் பின் வரும் முதல் எழுத்து ஏ என்றால் நுண்ணிய பல், பி நடுத்தரம், சி பெரிது, டி மிகப் பெரிது. ஓ சேர்ந்தால் வளைவுக்கான ஒடுங்கிய அலகு. ஆர் சேர்ந்தால் பல் கீழ்நோக்கி. எஃப் சேர்ந்தால் இரட்டை உலோகம். எங்கள் பட்டறையில் எப்போதும் இருப்பது டி 101 பி, சுத்தமான வெட்டுக்கு. டி 144 டி, வேகமாக அறுத்தெறிவதற்கு. டி 119 பி ஓ, பூப்பலகைக்கு. மெல்லிய தகட்டுக்கு டி 118 ஏ ஒன்றிரண்டு. சாதாரண ஜிக்சோ அலகு மேலே ஏறும்போதுதான் வெட்டுகிறது என்பதால் சிலும்பு மேல்பக்கத்தில் எழும். ஆகவே நல்ல முகத்தைக் கீழே வைத்து, பின்பக்கத்தில் கோடு போட்டு வெட்டுங்கள். மெலமைன் பலகையில் மேலேயிருந்துதான் வெட்டவேண்டும் என்றால் டி 101 பி ஆர். அது இயந்திரத்தை மேலே தள்ளப் பார்க்கும், அழுத்திப் பிடிக்கவேண்டும்.

இரட்டை உலோகத்துக்கு வன்னியில் தனிக் காரணம் உண்டு. எங்கள் பழைய மரங்களுக்குள் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டுகளும் சன்னங்களும் இருக்கின்றன. மரம் அவற்றைச் சுற்றி வளர்ந்து மூடிவிட்டதால் வெளியே எதுவும் தெரியாது. சீவிய பலகையில் நீலக்கறுப்பாக ஒரு கறை கோடு போல ஓடினால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று கொள்ளலாம். சாதாரண கார்பன் உருக்கு அலகு அதில் பட்டால் பல் போகும் அல்லது அலகே முறியும். டி 101 பி எஃப், டி 144 டி எஃப் போன்றவற்றில் பல் கடினம், முதுகு வளைந்து கொடுக்கும், உடைந்து முகத்தில் தெறிப்பது குறைவு. விலை கூட, ஆனாலும் ஊர்மரம் வெட்டும்போது நான் வேறு எதுவும் போடுவதில்லை. கண்ணாடி அணியாமல் எங்கள் பையன்களை ஊர்மரத்தில் கை வைக்க விடுவதுமில்லை. பலகை வாங்கியவுடன் சிறிய உலோகங்காட்டி ஒன்றால் தடவிப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஊசலாட்ட நெம்பு என்று பக்கத்தில் 0 முதல் 3 வரை ஒன்று இருக்கும். அது இல்லாத ஜிக்சோ வாங்கவேண்டாம். 3இல் அலகு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு வெட்டும், வேகம் கூடும், வெட்டு முரடாகும். தகட்டுக்கும் சுத்த வெட்டுக்கும் 0. வன்மரத்துக்கு 1 போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரமும் வேண்டும்.

மொடல் பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு: தொடங்குகிறவருக்கு மகிட்டா 4329 போதும். 450 வாட், அலகு ஏறி இறங்கும் தூரம் 18 மில்லிமீற்றர். தொழிலாகச் செய்பவர் 26 மில்லிமீற்றர் ஏறி இறங்கும் இயந்திரத்தைத் தேடுங்கள், மகிட்டா 4350 வரிசை அப்படிப்பட்டது, 720 வாட். அந்தத் தூரம் கூடும்போது ஒவ்வொரு பல்லும் கூடுதல் வேலை செய்து தூளை வெளியே தள்ளுகிறது, அலகு சூடாவது குறைகிறது. பொஷ் நீல நிற வரிசையும் அதே தரம். பச்சை வீட்டுப் பாவனைக்கு. இங்கோ, டோட்டல் போன்ற சீனப் பெயர்களை நான் ஒதுக்குவதில்லை. ட்ரில்லும் கிரைண்டரும் அவற்றில் வாங்கலாம். ஜிக்சோ மட்டும், மேலே சொன்ன ஆட்டிப் பார்க்கும் சோதனையில் தேறினால்.

எந்தப் பெயராக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்குக் காபன் இருக்கிறதா?" இருக்கிறது என்று சொன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காபன் பிரஷ் என்பது மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் சிறு கரிக்கட்டை. அது தேய்வது இயல்பு, அது பழுதல்ல. ஆனால் சில நூறு ரூபாய்ப் பொருளுக்காகக் கொழும்பு பழைய சோனகத் தெருவரை ஆள் அனுப்பவேண்டி வந்தால் அந்த இயந்திரம் வன்னிக்கு நம்பகமானதல்ல, ஜப்பானில் செய்திருந்தாலும். மகிட்டாவின் காபனில் சி.பி. என்று தொடங்கும் எண் பொறித்திருக்கும், தேய்ந்ததைக் கொண்டு போய் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மோட்டாருக்குள் சுழலும், கம்பி சுற்றிய ஆமேச்சர் எரிந்தால் சுற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சிறிய ஜிக்சோ ஆமேச்சரைச் சுற்றுவதற்குக் கேட்கும் கூலியைக் கேட்டால் புதிது வாங்கத் தோன்றும்.

இயந்திரங்களைக் கொல்வது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மரமல்ல, மின்சாரம். 230 வோல்ட் என்பது கம்பி தொடங்கும் இடத்தில். ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில், பின்னேரம் எல்லா வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் ஓடும் நேரத்தில் வட்டவாளைப் போட்டுப் பாருங்கள், சத்தமே சொல்லும். இதற்குமேல் வளவின் அடுத்த மூலைக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்கிறோம். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 50 மீற்றர் என்றால் போக வர 100 மீற்றர், ஏறக்குறைய 2.3 ஓம். வட்டவாள் 6 அம்பியர் இழுக்கும்போது 14 வோல்ட் வயரிலேயே சூடாகிப் போய்விடும். அதே தூரம் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 4 வோல்ட்தான். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாகும், நாம் கூட அழுத்துவோம், உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவானதால் சூடு வெளியேறாது. ஒருநாள் வாசனை வரும். வயரைச் சுருளாகப் பாவிக்காமல் முழுவதும் விரித்துப் போடுங்கள். நாடு 13 அம்பியர் சதுரப் பின்னுக்கு மாறிய பிறகும் பழைய 5 அம்பியர் வட்டப் பின் அடப்டருக்குள் பிளேனரை (மின்சீவுளியை) சொருகுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது ஜெனரேட்டருக்குப் பெற்றோலும் இல்லை. அப்போது பற்றரி இயந்திரம் வைத்திருந்தவர்கள் ஓரளவு வேலை செய்தார்கள். எங்கள் பட்டறையில் அப்பாவின் கைவாள் செய்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதும் அதே காலத்தில்தான், கருவி விலை அதன்பிறகு பழைய இடத்துக்கு வரவேயில்லை. பற்றரியில் ஜிக்சோவும் ட்ரில்லும் நல்ல தெரிவு, அவை இழுப்பது குறைவு. வட்டவாளும் பிளேனரும் பற்றரியைக் குடித்துவிடும். ஒரு கொம்பனியின் பற்றரி இன்னொன்றில் போகாது, ஆகவே முதல் பற்றரி இயந்திரத்தை வாங்கும்போதே எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்படுகிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தகரக் கொட்டிலுக்குள் மத்தியானத்தில் பற்றரியை விட்டுவைக்கவேண்டாம், சூடாக இருக்கும்போது சார்ஜில் போடவும் வேண்டாம்.

உண்மையில் ஜிக்சோ ஒரு பட்டறைக்கு முதலில் வாங்கவேண்டிய கருவியே அல்ல. என்னைக் கேட்டால் ட்ரில், பிறகு 82 மில்லிமீற்றர் பிளேனர், பிறகு ஏழேகால் அங்குல வட்டவாள், பிறகு விளிம்பைச் சீராக்கும் ட்ரிம்மர், அதன்பிறகுதான் ஜிக்சோ. பிளேனருக்குத் தீட்டிப் பாவிக்கக்கூடிய அலகு நல்லது, முதிரை அலகை விரைவில் மழுக்கும். முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்குச் சொறியும் தடிப்பும் வரும், இது கதையல்ல, மருத்துவர்கள் அறிந்த ஒவ்வாமை. முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் போடுங்கள், வேலை முடிந்ததும் கழுவுங்கள்.

பலர் வட்டவாளுக்குக் காசு மிச்சம் பிடித்து நாலு அங்குலக் கிரைண்டரில் பல்லுள்ள மரம் வெட்டும் தட்டை மாட்டுகிறார்கள். செய்யாதீர்கள். கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்குக் குறையாமல் சுற்றும், பல் மரத்தில் கவ்வினால் இயந்திரம் முழுவதும் திரும்பிப் பாயும், வட்டவாளில் இருப்பது போல ஊன்றும் தட்டோ தானாக மூடும் காப்போ அதில் இல்லை. காப்பைக் கழற்றினால்தான் தட்டு போகும் என்று கழற்றியும் விடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் விரல் குறைந்த தச்சர்களிடம் எப்படி என்று கேட்டால் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். இந்த விடயத்தில் அப்பாவும் நானும் ஒரே கட்சி.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் இயந்திரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் என்றால் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் ஓடும். லண்டனில் கட்டட வேலைக்காரர் பாவிக்கும் மஞ்சள் பிளக் இயந்திரம் 110 வோல்ட். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட். அதை நேரே சொருகினால் ஒரு நொடிச் சத்தம், பிறகு புகை. ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து ஓட்டலாம், ஆனால் அதன் விலையும் பாரமும் சேர்த்தால் இங்கேயே வாங்கிவிடலாம். பற்றரி இயந்திரம் கொண்டுவந்தாலும் கனடாச் சார்ஜர் இங்கே ஆகாது, சார்ஜரை மட்டும் இங்கே தேடவேண்டும்.

ஆகவே ரொறன்ரோவிலிருந்து அண்ணாவோ மச்சானோ வருகிறார் என்றால் இயந்திரம் கேட்காதீர்கள், அலகு கேளுங்கள். டி காம்பு அலகு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். டி 101 பி எஃப் ஒரு பைக்கற், டி 119 பி ஓ ஒரு பைக்கற் என்று எண்ணை எழுதி அனுப்புங்கள், 'வாள் பிளேட்' என்று மட்டும் சொன்னால் இரும்பு வெட்டுவதைத்தான் வாங்கி வருவார். அலகுகள் ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் போகவேண்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். தனிப் பற்றரி ஏதும் கொண்டுவந்தால் அது மாறாகக் கைப்பையில்தான் வரவேண்டும். 18 வோல்ட் 5 அம்பியர் மணி பற்றரி 90 வாட் மணி, 100க்குள் இருப்பதால் விடுவார்கள்.